ஃபில்டர்ல வெட்டுன மிச்சம் எங்க போகுது? குவாண்டைசேஷன், ரவுண்டிங் பிழையைக் குறைக்க ஒரு வழிகாட்டி

ஏடிசில இருந்து, அதாவது சென்சார் வோல்டேஜை நம்பரா மாத்துற சிப்ல இருந்து, வர்ற நம்பர் 1000. சுத்தமா 1000, ஆடவே இல்ல. அதை ஸ்மூத் பண்ண ஒரே ஒரு வரி ஃபில்டர் போட்டிருக்கு, வெளிய வர்றது 985. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் 985 தான். அதே சிக்னலை 4000 வரைக்கும் தூக்கிட்டு திரும்ப 1000க்கு இறக்கினா, இப்ப சரியா 1000 காட்டுது. ஏறும்போது ஒரு நம்பர், இறங்கும்போது வேற நம்பர். முதல் தடவை இதைப் பார்த்தப்ப நான் சென்சாரைத்தான் சந்தேகப்பட்டேன், ஒயரை மாத்துனேன், சப்ளைய மாத்துனேன், ரெண்டு நாள் அதுலயே போச்சு. கோளாறு அந்த ஒரு வரிக்குள்ளயே இருந்துச்சு.

அந்த வரி இதுதான்:

புதுசு = பழசு + ((உள்ளீடு − பழசு) >> 4)

நாலு பிட் வலது பக்கம் ஷிஃப்ட் பண்ணா 16ஆல வகுக்கிறோம்னு அர்த்தம், புள்ளிக்குப் பின்னாடி இருக்குறது விழுந்துடும். பழசு 985 ஆனதும் வித்தியாசம் 15, 15ஐ 16ஆல வகுத்தா 0.9375, வெட்டுனா 0. அதனால நம்பர் நகரவே நகராது. இறங்கும்போது ஏன் சரியா வருதுன்னா, டூஸ் காம்ப்ளிமென்ட்ல, அதாவது கம்ப்யூட்டர் மைனஸ் நம்பரை எழுதி வைக்கிற முறையில, ஷிஃப்ட் எப்பவும் கீழ்ப்பக்கமா வெட்டும், −1ஐ நாலு பிட் ஷிஃப்ட் பண்ணாலும் −1 தான் வரும், 0 வராது, அதனால கடைசி வரைக்கும் இறங்கி 1000ல போய் உக்காரும். இதே ஃபில்டர்ல 4க்கு பதிலா 8 பிட் ஷிஃப்ட் போட்டிருந்தா 255 குறைவா நின்னிருக்கும்.

இதுக்கு மருந்து, வெட்டாத முழு நம்பரையும் ஃபில்டருக்குள்ளயே வச்சுக்கிட்டு, வெளிய காட்டும்போது மட்டும் வெட்டுறது:

குவியல் = குவியல் + உள்ளீடு − (குவியல் >> 4)
வெளியீடு = குவியல் >> 4

இப்ப வெளியீடு உள்ளீட்டுக்குச் சமமாகுற வரைக்கும் குவியல் நகர்ந்துகிட்டே இருக்கும், ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி 1000ல தான் நிக்கும். இடம் எவ்வளவு வேணும்னு பாருங்க: 12 பிட் ஏடிசியோட உச்சம் 4095, 16ஆல பெருக்குனா 65520, கடைசி மிச்சம் 15 சேர்ந்தா 65535, அதாவது சரியா 16 பிட். 12 கூட்டல் 4. எத்தனை பிட் ஷிஃப்ட் பண்றீங்களோ அத்தனை பிட் உள்ளுக்குள்ள கூடுதலா வேணும், அவ்வளவுதான் செலவு.

இந்தச் சின்ன ஃபில்டர்ல நடந்ததுதான் பெரிய ஃபில்டர்லயும் நடக்குது. எங்க வெட்டுறோம், எத்தனை தடவை வெட்டுறோம், வெட்டுன மிச்சம் எங்க போகுது, இந்த மூணு கேள்விய ஒவ்வொரு இடத்துலயும் கேட்டுக்கிட்டே போனா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

முதல்ல நோய் எதுன்னு கண்டுபிடிங்க

பிழை மூணு இடத்துல உள்ள வரும். ஒண்ணு, ஏடிசி சிக்னலை படிப்படியான நம்பரா மாத்தும்போதே, இதுக்குத்தான் குவாண்டைசேஷன்னு பேரு. ரெண்டாவது, ஃபில்டரோட கோஎஃபிஷியன்ட்டை, அதாவது சிக்னலைப் பெருக்குற நிலையான நம்பர்களை, குறைஞ்ச பிட்ல எழுதும்போது. மூணாவது, ஓடும்போது ஒவ்வொரு பெருக்கலுக்கும் அப்புறம் வெட்டும்போது.

முதலாவதைப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். ஒரு படியோட அளவு டெல்டான்னு வச்சுக்கிட்டா ரவுண்டிங் பிழையோட பவர் டெல்டா ஸ்கொயர் பை 12. பெல் லேப்ஸ்ல பென்னட் 1948லயே இதைக் கணக்குப் போட்டு எழுதிட்டாரு. முழு அளவு சைன் அலைக்கு சிக்னல் டு நாய்ஸ் 6.02 × பிட் எண்ணிக்கை + 1.76 டெசிபல். 12 பிட்னா 74, 16 பிட்னா 98. இது சிக்னல் நல்லா ஆடிக்கிட்டு இருக்கும்போது மட்டும்தான் பொருந்தும்ங்கிறதை மறந்துடாதீங்க, அசையாம நிக்கிற சிக்னலுக்கு பிழை நாய்ஸ் மாதிரியே இருக்காது, மேல பார்த்த 985 மாதிரி ஒரே இடத்துல உறைஞ்சு போயிடும்.

ரெண்டாவதும் மூணாவதும் வேற வேற நோய், மருந்தும் வேற வேற. கோஎஃபிஷியன்ட்டை வெட்டுனா ஃபில்டரே வேற ஃபில்டரா மாறிடுது, ஆனா அது நாய்ஸ் எதுவும் போடாது. கணக்குல வெட்டுனா ஃபில்டர் அதேதான், ஆனா ஒவ்வொரு சாம்பிளுக்கும் கொஞ்சம் அழுக்கு சேருது. பிரிச்சுப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு, புதுசா வர்றவங்க யார் கேட்டாலும் நான் முதல்ல இதைத்தான் பண்ணச் சொல்வேன்: வெட்டுன கோஎஃபிஷியன்ட்டை எடுத்து, கணக்கை மட்டும் கம்ப்யூட்டர்ல டபுள் பிரிசிஷன்ல ஓட்டிப் பாருங்க. அங்கயே ரெஸ்பான்ஸ் கெட்டுப்போயிருந்தா கோஎஃபிஷியன்ட் தான் பிரச்சனை, அக்குமுலேட்டரை (பெருக்கல்களைக் கூட்டி வைக்கிற இடம்) எவ்வளவு பெருசாக்கினாலும் உதவாது. அங்க நல்லா இருந்து போர்டுல மட்டும் கெட்டுப்போனா கணக்குல தான் கோளாறு.

கோஎஃபிஷியன்ட்: ஒரு ஃபில்டரைக் கிட்ட வச்சுப் பார்ப்போம்

48,000 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட், 50 ஹெர்ட்ஸ் கட்ஆஃப், ரெண்டாவது ஆர்டர் பட்டர்வொர்த் லோ பாஸ், அதாவது 50 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குறதை விட்டு மேல இருக்குறதை அடக்குற ஃபில்டர். பார்க்க சாதாரண ஃபில்டர். கணக்குப் போட்டா இப்படி வரும், பி எல்லாம் உள்ளீட்டைப் பெருக்குறது, ஏ எல்லாம் ஃபீட்பேக்ல திரும்ப வர்ற முந்தின வெளியீட்டைப் பெருக்குறது:

பி0 = 0.00001066
பி1 = 0.00002132
பி2 = 0.00001066
ஏ1 = −1.990744
ஏ2 = 0.990787

16 பிட்ல எழுதணும். ஏ1 கிட்டத்தட்ட 2 இருக்குறதால 16 பிட்ல 15ஐப் பின்னத்துக்கு ஒதுக்குற க்யூ15ல அடங்காது, அதுல −1ல இருந்து 1க்குக் கொஞ்சம் கம்மி வரைக்கும் தான் இடம். அதனால க்யூ14, அதாவது எல்லாத்தையும் 16384ஆல பெருக்கி ரவுண்ட் பண்றோம். பி0வுக்கு 0.17 வருது, ரவுண்ட் பண்ணா 0. பி1க்கு 0.35, அதுவும் 0. பி2வும் 0. உள்ள வர்ற சிக்னலைத் தொடுற மூணு கோஎஃபிஷியன்ட்டும் பூஜ்யம், ஃபில்டர்ல இருந்து எதுவுமே வெளிய வராது. கோடு சரியா எழுதியிருப்பீங்க, கம்பைல் ஆகும், ஓடும், ஆனா வெளிய மௌனம்.

சரி, பி பக்கத்துக்கு மட்டும் தனி ஸ்கேல் கொடுத்து காப்பாத்திடலாம்னு வச்சுக்குவோம். ஏ பக்கம் என்ன ஆகுதுன்னு பாருங்க. ஏ1 × 16384 = −32616.35, ரவுண்ட் பண்ணா −32616. ஏ2 × 16384 = 16233.05, ரவுண்ட் பண்ணா 16233. ரெண்டுமே நல்லா ரவுண்ட் ஆன மாதிரி தெரியுது, பிழை அரைப் படிக்கும் கம்மி. ஆனா லோ பாஸ் ஃபில்டரோட கட்ஆஃபை முடிவு பண்றது 1 + ஏ1 + ஏ2ங்கிற கூட்டுத்தொகை. அது இந்த அளவுல 0.70 இருக்கணும், நமக்கு வந்தது 16384 − 32616 + 16233 = 1. அந்த 0.7க்கும் 1க்கும் இருக்குற வித்தியாசத்துல 50 ஹெர்ட்ஸ் கட்ஆஃப் ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்குப் போயிடுது, டிசி கெயினும் (ஆடாத சிக்னலுக்குக் கிடைக்கிற பெருக்கம்) 1க்கு பதிலா 0.7 ஆயிடுது. அதை விட முக்கியம், அந்தக் கூட்டுத்தொகை முழு நம்பரா மட்டும் தான் இருக்க முடியும், 1 வந்தா 60 ஹெர்ட்ஸ், 2 வந்தா 84, 3 வந்தா 103. நடுவுல எதுவும் கிடையாது, 60க்குக் கீழயும் கிடையாது. 0 வந்துட்டா போல், அதாவது ஃபில்டரோட ஃபீட்பேக் எவ்வளவு சீக்கிரம் அடங்கும்னு முடிவு பண்ற புள்ளி, நேரா யூனிட் சர்க்கிள்ங்கிற எல்லை வட்டத்து மேல போய் உக்காந்துடும், அப்புறம் அது ஃபில்டரே இல்ல.

ரெண்டு பெரிய நம்பரைக் கழிச்சு ஒரு குட்டி நம்பரை எடுக்குற இடத்துல தான் பிரிசிஷன் எல்லாம் கரைஞ்சு போகுது. சாம்பிள் ரேட்டோட ஒப்பிட்டா கட்ஆஃப் எவ்வளவு தாழ்வா இருக்கோ அவ்வளவு மோசம். இதுல இருந்து தப்பிக்க வழிகள் இருக்கு, எனக்குப் பிடிச்ச வரிசையில சொல்றேன்.

முதல்ல, சாம்பிள் ரேட்டைக் குறைக்க முடியுமான்னு பாருங்க. 50 ஹெர்ட்ஸ் சிக்னலுக்கு 48,000 சாம்பிள் எதுக்கு? ஒழுங்கா ஆன்ட்டி ஏலியாஸிங் பண்ணி, அதாவது மேல் ஃப்ரீக்வன்சியை முதல்லயே வடிகட்டி, 1,000 ஹெர்ட்ஸுக்கு இறக்கிட்டு அதே ஃபில்டரைப் போட்டா பி0 = 0.02008, ஏ1 = −1.5610, ஏ2 = 0.6414. அதே 16 பிட்ல பி0 இப்ப 329ஆ வருது. பூஜ்யமா இருந்தது 329. ப்ராசஸருக்கும் 48ல ஒரு பங்கு வேலை தான். பல பேர் இதை யோசிக்கிறதே இல்ல, நேரா பிட்டைக் கூட்டப் போயிடுறாங்க.

ரேட்டைக் குறைக்க முடியாதுன்னா கோஎஃபிஷியன்ட்டை 32 பிட்ல வைங்க. 2ன் 30ஆவது அடுக்கால பெருக்குனா பி0 11,446 வரும், தாராளமா போதும். இன்னைக்கு பல சின்ன மைக்ரோகன்ட்ரோலர்லயும் 32 பிட் பெருக்கல் இருக்கு.

அதுவும் முடியாத இடத்துல ஃபில்டரோட வடிவத்தை மாத்தணும். மேல மாதிரி ஏ, பி நம்பர்களை அப்படியே பெருக்குற டைரக்ட் ஃபார்ம்ல போல் உக்காரக்கூடிய இடங்கள் டிசி பக்கத்துல ரொம்ப அரிதா இருக்கும், கப்புள்டு ஃபார்ம்ல அந்த இடங்கள் சமமா பரவியிருக்கும். ஸ்டேட் வேரியபிள் வடிவமும் தாழ்ந்த ஃப்ரீக்வன்சிக்கு நல்லது. பெருக்கல் கொஞ்சம் கூடும், ஆனா தாழ்ந்த கட்ஆஃப்ல அதுக்கு நல்ல பலன் இருக்கு.

இன்னொரு எச்சரிக்கை. ஆர்ம் ப்ராசஸர்ல சிஎம்சிஸ் டிஎஸ்பி லைப்ரரியோட பைக்வாட் (ரெண்டாவது ஆர்டர் ஃபில்டர்) ஃபங்ஷனுக்கு கோஎஃபிஷியன்ட் கொடுக்கும்போது ஏ1, ஏ2வோட குறி, மேட்லேப்ல வர்றதுக்கு நேர்மாறு. மைனஸைப் ப்ளஸ், ப்ளஸை மைனஸ் ஆக்கித்தான் கொடுக்கணும். இது ரவுண்டிங் பிழை இல்ல, ஆனா ஃபில்டர் வெடிச்சதும் எல்லாரும் ரவுண்டிங் மேல தான் பழியைப் போடுறாங்க.

பெரிய ஆர்டரை ரெண்டு ரெண்டா உடைங்க

எட்டாவது ஆர்டர் ஐஐஆர் (ஃபீட்பேக் இருக்குற) ஃபில்டரை ஒரே நீளமான சமன்பாடா எழுதவே எழுதாதீங்க. போல்கள் எல்லாம் பக்கத்துல பக்கத்துல கூட்டமா இருக்கும்போது ஒரே ஒரு கோஎஃபிஷியன்ட்ல கடைசி பிட் மாறினாலும் எல்லா போலும் சேர்ந்து நகரும், ஒண்ணு வட்டத்துக்கு வெளிய போனாலும் முடிஞ்சது. நாலு பைக்வாடா உடைச்சு வரிசையா வச்சா ஒவ்வொரு ஜோடி போலும் தன் கோஎஃபிஷியன்ட்டை மட்டும் நம்பி இருக்கும்.

உடைக்கிறதையும் ஆரம்பத்துலயே பண்ணணும். பைத்தானோட சைபை லைப்ரரில பட்டர்வொர்த் டிசைன் பண்றப்பவே செக்‌ஷன் செக்‌ஷனா கேட்டு வாங்கலாம், அப்படியே வாங்குங்க. முதல்ல நீளமான பாலினாமியலா வாங்கிட்டு அப்புறம் உடைச்சா, அந்த நீளமான வடிவத்துல இருந்தப்பவே டபுள்ல கூட பிரிசிஷன் போயிருக்கும், போனது திரும்ப வராது. எந்த போலோட எந்த ஜீரோவை (ஃபில்டர் சிக்னலை அமுக்குற புள்ளி) சேர்க்கிறதுன்னு கேட்டா, வட்டத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குற போலை அதுக்குப் பக்கத்துல இருக்குற ஜீரோவோட சேருங்க, கெயின் அங்க அங்க துருத்திக்கிட்டு நிக்காது.

ஃபீட்பேக் இல்லாத எஃப்ஐஆர் ஃபில்டருக்கு இந்தத் தலைவலி கிடையாது. அதுல டேப் (அதோட கோஎஃபிஷியன்ட்) எல்லாத்தையும் ரவுண்ட் பண்ணதும் ஒரு தடவை கூட்டிப் பாருங்க, டிசி கெயின் 1 வேணும்னா க்யூ15ல கூட்டுத்தொகை 32768 வரணும், ரெண்டு மூணு குறைஞ்சா நடு டேப்ல சேர்த்துடுங்க.

கூட்டி முடிக்கிற வரைக்கும் வெட்டாதீங்க

16 பிட்டை 16 பிட்டால பெருக்குனா 32 பிட். அந்த 32ஐ அப்படியே வச்சுக் கூட்டணும். ஆரம்பத்துல எழுதுறவங்க கோடுல நான் அதிகமா பார்க்குற தப்பு, ஒவ்வொரு பெருக்கலையும் உடனே 15 பிட் ஷிஃப்ட் பண்ணி 16 பிட்டுக்குக் கொண்டு வந்து அப்புறம் கூட்டுறது. 64 டேப் எஃப்ஐஆர்ல அப்படிப் பண்ணா 64 தடவை வெட்டுறோம், நாய்ஸ் பவர் 64 மடங்கு, அதாவது 18 டெசிபல், அதாவது 16 பிட்ல 3 பிட் போச்சு. கடைசியா ஒரே ஒரு தடவை வெட்டுனா ஒரு மடங்கோட போச்சு. வேலையும் கம்மி, 63 ஷிஃப்ட் மிச்சம்.

64 நம்பரைக் கூட்டும்போது அதிகபட்சம் 6 பிட் வளரும், 32 கூட்டல் 6, 38 பிட். இதுக்காகத்தான் பழைய டிஎஸ்பி சிப்கள்ல அக்குமுலேட்டர் 40 பிட் வச்சாங்க. மோட்டரோலாவோட 56000 வரிசையில டேட்டா 24 பிட், அக்குமுலேட்டர் 56 பிட், பெருக்கலுக்கு 48, வளர்றதுக்கு 8. இப்ப நாம சி மொழியில எழுதும்போது 64 பிட் இன்டிஜர் எடுத்துக்கலாம். ஆனா ஒண்ணு: ரெண்டு 32 பிட் நம்பரைப் பெருக்கி அதை 64 பிட் மாறில போட்டா மட்டும் போதாது, பெருக்கல் 32 பிட்லயே நடந்து மேல் பாதி காணாமப் போன பிறகு தான் 64க்கு வரும். பெருக்குறதுக்கு முன்னாடியே ஒரு நம்பரை 64 பிட்டா மாத்திடணும். கம்பைலர் இதுக்கு வாயே திறக்காம விட்டுடும், அதனால கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாருங்க.

வெட்டுற அந்த ஒரு இடத்துல எப்படி வெட்டணும்

வெறும் ஷிஃப்ட் எப்பவும் கீழ்ப்பக்கமா வெட்டும்னு பார்த்தோம். சராசரியா அரைப் படி குறையும். அரைப் படி தானேன்னு விட்டா என்ன ஆகும்? ஃபீட்பேக் இல்லாத ஃபில்டர்ல ஒண்ணும் ஆகாது, அரைப் படி அரைப் படியாவே இருக்கும். ஆனா நம்ம 50 ஹெர்ட்ஸ் ஃபில்டரை நல்ல 32 பிட் கோஎஃபிஷியன்ட்டோட எடுத்துக்கிட்டு, வெளியீட்டை மட்டும் 16 பிட்டா வெட்டி ஃபீட்பேக்ல அனுப்புறோம்னு வைங்க. வெட்டுற பிழை அந்த ஃபீட்பேக்ல சுத்திச் சுத்தி 1 பை (1 + ஏ1 + ஏ2) மடங்கு பெருகும். அந்தக் கூட்டுத்தொகை 0.0000426, அதனால 23,000 மடங்குக்கு மேல. அரைப் படி 11,700 படி ஆயிடும். 16 பிட்ல உச்சமே 32,767 தான், அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல வெறும் ஷிஃப்ட் பண்ணதுக்காகவே டிசி தள்ளிப் போயிடும். இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்த பிறகு அரைப் படியை யாரும் லேசா நினைக்க மாட்டாங்க.

அதனால குறைஞ்சபட்சம் ரவுண்ட் பண்ணுங்க, ஷிஃப்டுக்கு முன்னாடி பாதியைக் கூட்டிக்கோங்க:

வெளியீடு = (மொத்தம் + 16384) >> 15

சரியா பாதியில நிக்கிற நம்பர் எப்பவும் மேல போறதால ஒரு சின்னச் சாய்வு மிச்சம் இருக்கும். 15 பிட் வெட்டும்போது அப்படி அமையுறது 32768ல ஒரு தடவை, கவலையே வேண்டாம். ஒரு பிட், ரெண்டு பிட் மட்டும் வெட்டும்போது அது அடிக்கடி வரும், ஒரு பிட்னா சராசரி கால் படி சாயும், அங்க மட்டும் இரட்டைப்படை பக்கமா ரவுண்ட் பண்ற முறைக்குப் போங்க.

மிச்சத்தைத் தூக்கிப் போடாதீங்க

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி இது. ரவுண்டிங் சாய்வைத் தான் சரி பண்ணும், மிச்சம் தொலைஞ்சது தொலைஞ்சது தான். அந்த மிச்சத்தை எடுத்து அடுத்த சாம்பிளோட கணக்குல சேர்த்துட்டா?

மொத்தம் = பெருக்கல்களோட கூட்டல் + மிச்சம்
வெளியீடு = மொத்தம் >> 15
மிச்சம் = மொத்தத்தோட கீழ் 15 பிட்

அவ்வளவு தான். ஒரு மாறி, ஒரு மாஸ்க், ஒரு கூட்டல். கடைக்காரர் சில்லறை இல்லன்னு சொல்லி மீதிக் காசைக் கணக்குல எழுதி வச்சு அடுத்த தடவை கழிக்கிற மாதிரி. எவ்வளவு நேரம் ஓடினாலும் மொத்தமா தொலைஞ்சது ஒரு படிக்கு மேல போகாது. டிசில பிழை பூஜ்யம் ஆயிடும், அந்த 23,000 மடங்கு பெருக்கத்துக்கு இப்ப பெருக்குறதுக்கே ஒண்ணும் இருக்காது. சும்மா கிடைக்கிறதில்ல, மேல் ஃப்ரீக்வன்சில நாய்ஸ் கூடும், உச்சில 6 டெசிபல் வரைக்கும். ஆனா லோ பாஸ் ஃபில்டரோட ஃபீட்பேக் பெருக்குறது தாழ்ந்த பக்கத்தைத் தானே, அங்க நாய்ஸை எடுத்து மேல் பக்கம் தள்ளிட்டோம். கட்ஆஃப் ரொம்பத் தாழ்வா இருந்தா ஒரு மிச்சம் பத்தாது, ரெண்டு மிச்சத்தை ஞாபகம் வச்சு போனதை ரெண்டால பெருக்கி அதுக்கும் முந்தினதைக் கழிச்சுச் சேர்த்தா இன்னும் நல்லா அமுங்கும்.

32 பிட் ஸ்டேட்டும் 64 பிட் அக்குமுலேட்டரும் தாராளமா இருக்குற ப்ராசஸர்ல இந்த வேலையே தேவைப்படாம இருக்கலாம், ஸ்டேட்டையே பெருசா வச்சுக்கலாம். 16 பிட் தான் இருக்கு, நேரமும் கம்மினா மிச்சத்தைச் சேர்க்குற வழியை விட மலிவான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

எந்த வடிவத்துல பைக்வாட் எழுதுறதுன்னு ஒரு கேள்வி வரும். ஃபிக்ஸட் பாயின்ட்னா டைரக்ட் ஃபார்ம் 1. அஞ்சு பெருக்கலும் ஒரே அக்குமுலேட்டர்ல சேரும், வெட்டுற இடம் ஒண்ணே ஒண்ணு, மிச்சத்தைப் பிடிக்கவும் அது தான் வசதி. டைரக்ட் ஃபார்ம் 2ல மெமரி கம்மி, ஆனா உள்ளுக்குள்ள இருக்குற ஸ்டேட் சிக்னலை விடப் பல மடங்கு பெருசாகும், நம்ம ஃபில்டர்ல அது 23,000 மடங்கு. ஃப்ளோட்னா டிரான்ஸ்போஸ்டு டைரக்ட் ஃபார்ம் 2 நல்லது.

ஃப்ளோட் போட்டா எல்லாம் சரியாயிடுமா

ஆகாது. சிங்கிள் பிரிசிஷன் ஃப்ளோட்ல நம்பருக்கு இருக்குறது 24 பிட் தான். 16,777,216ஓட 1ஐக் கூட்டினா அதே 16,777,216 தான் வரும். 192,000 ஹெர்ட்ஸ்ல 5 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போடுறீங்கன்னா 1 + ஏ1 + ஏ2 ஏறக்குறைய 0.000000027. ஏ1 2க்குப் பக்கத்துல இருக்கும், அங்க ஃப்ளோட்டோட ஒரு படியே 0.00000012. ஏ2 1க்குக் கீழ, அங்க படி 0.00000006. வேண்டிய நம்பர் படியை விடச் சின்னது, அப்ப ஃபில்டர் எங்க போய் நிக்கும்னு சொல்லவே முடியாது. அங்க டபுள் போடுங்க, இல்லன்னா ரேட்டைக் குறைங்க.

மூவிங் ஆவரேஜ்லயும் இதே கதை. புதுசைக் கூட்டி பழசைக் கழிச்சுக்கிட்டே போற முறையில ஃப்ளோட் போட்டா, கூட்டும்போது வெட்டுனதும் கழிக்கும்போது வெட்டுனதும் ஒத்துப் போகாது, மணிக்கணக்கா ஓடினா மெதுவா தள்ளிப் போகும். இன்டிஜர்ல போட்டா ஒரு பிட் கூடத் தள்ளாது. இங்க இன்டிஜர் தான் ஃப்ளோட்டை விடச் சுத்தம்.

உள்ள ஒண்ணும் இல்ல, வெளிய சத்தம் வருது

சிக்னல் நின்ன பிறகும் ஃபில்டர் ஓடிக்கிட்டே இருக்குறதுக்கு லிமிட் சைக்கிள்னு பேரு. பேப்பர்ல போட்டுப் பாருங்க: உள்ளீடு 0, வெளியீடு = ரவுண்ட்(0.9 × முந்தின வெளியீடு), 10ல ஆரம்பிங்க. 10, 9, 8, 7, 6, 5, அடுத்தது 4.5 ரவுண்ட் ஆகி 5, அப்புறம் 5, 5, 5. நிக்கிற இடம் 0.5 பை (1 − 0.9), அதாவது 5. கோஎஃபிஷியன்ட் −0.9 ஆ இருந்து பாதியைப் பூஜ்யத்தை விட்டு விலகுற பக்கமா ரவுண்ட் பண்ணா +5, −5, +5, −5ன்னு ஆடிக்கிட்டே இருக்கும், ஆடியோல இந்த மாதிரி ஆட்டம் விசில் மாதிரி கேக்கலாம், அதுவும் எல்லாம் அமைதியா இருக்குற நேரத்துல.

பூஜ்யத்தைப் பார்த்து வெட்டுனா, அதாவது ப்ளஸ் நம்பரைக் கீழயும் மைனஸ் நம்பரை மேலயும் வெட்டுனா, 5 அடுத்து 4, 3, 2, 1, 0ன்னு செத்துப் போயிடும். இதை வெறும் ஷிஃப்ட் பண்ணாதுன்னு முதல்லயே பார்த்தோம், மைனஸ் நம்பருக்குத் தனியா பார்க்கணும். கீழ நாலஞ்சு பிட் கூடுதலா வச்சுக்கிட்டாலும் ஆட்டம் இருக்கும், ஆனா கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத அளவுக்குச் சின்னதாயிடும். நான் பெரும்பாலும் பண்றது இது தான்.

ஆடியோவை 24 பிட்ல இருந்து 16க்குக் கொண்டு வர்றப்ப மட்டும் வேற மருந்து, டிதர். வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு படி அகலத்துல ரெண்டு ரேண்டம் நம்பரைக் கூட்டிச் சேர்த்துட்டு ரவுண்ட் பண்ணணும். நாய்ஸ் 4.77 டெசிபல் கூடும், ஆனா பிழை சிக்னலைப் பிடிச்சுக்கிட்டு கரகரன்னு கேக்குறது போயிடும். ஃபில்டருக்கு நடுவுல போடாதீங்க, கடைசி வாசல்ல ஒரு தடவை போதும்.

ஓவர்ஃப்ளோவுக்குப் பயந்து பிட்டைத் தாரை வார்க்காதீங்க

ஒவ்வொரு பிட் கீழ ஸ்கேல் பண்ணும்போதும் 6 டெசிபல் போகுது. எவ்வளவு இடம் விடணும்னு ஊகிக்காம கணக்குப் போடுங்க: இம்பல்ஸ் ரெஸ்பான்ஸோட (ஒரே ஒரு சாம்பிள் மட்டும் 1 கொடுத்தா வெளிய வர்ற வரிசை) எல்லா நம்பரையும் குறி பார்க்காம கூட்டுனா அது தான் வெளியீடு போகக்கூடிய உச்சம். அது 1.3 வந்தா ஒரு பிட் விட்டா போதும், மூணு பிட் விடத் தேவையில்ல. டூஸ் காம்ப்ளிமென்ட்ல நடுவுல கூட்டல் சுத்தி வந்தாலும் கடைசி விடை அடங்குற அளவுல இருந்தா விடை சரியாவே வரும், அதனால நடுவுல சாச்சுரேட் பண்ணாதீங்க (தாண்டினதை உச்சத்துலயே நிறுத்துறது), கடைசியில 16 பிட்டுக்குக் கொண்டு வரும்போது ஒரே ஒரு தடவை பண்ணுங்க.

சோதிக்கிற விதம்

ஒரே உள்ளீட்டை டபுள்ல எழுதின ஃபில்டருக்கும் உங்க ஃபிக்ஸட் பாயின்ட் ஃபில்டருக்கும் கொடுத்து, ரெண்டோட வித்தியாசத்தை மட்டும் பாருங்க. அதோட சராசரியைத் தனியாவும் ஆர்எம்எஸ்ஸை (ஸ்கொயர் பண்ணி சராசரி எடுத்து அதோட ரூட்) தனியாவும் எழுதுங்க, சேர்த்துப் பார்த்தா ஒண்ணும் புரியாது. சராசரி பூஜ்யத்தை விட்டுத் தள்ளி இருந்தா எங்கயோ வெறும் ஷிஃப்ட் ஒளிஞ்சிருக்கு. சராசரி சரி, ஆர்எம்எஸ் மட்டும் பெருசுன்னா நிறைய இடத்துல வெட்டுறீங்க.

முழு அளவு சைன் அலையைக் கொடுத்துட்டு நல்லா இருக்குன்னு முடிச்சுடாதீங்க, அதுல எல்லா ஃபில்டரும் அழகா தான் தெரியும். ரெண்டு மூணு படி அளவுல குட்டி சைன் கொடுங்க. ஒரு இம்பல்ஸ் கொடுத்துட்டு அப்புறம் பத்தாயிரம் பூஜ்யம் கொடுத்து, வெளியீடு நிஜமாவே பூஜ்யத்துக்குப் போகுதான்னு பாருங்க. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸைத் திருப்பிப் போட்டு ஒவ்வொண்ணோட குறியையும் மட்டும் எடுத்து முழு அளவுல கொடுத்தா அது தான் ஓவர்ஃப்ளோவுக்கு மிக மோசமான உள்ளீடு, அதையும் தாங்கணும்.

கடைசியா படிக்கட்டுச் சோதனை: உள்ளீட்டை 0ல இருந்து 4000 வரைக்கும் நூறு நூறா ஏத்துங்க, ஒவ்வொரு படியிலயும் ஃபில்டர் அடங்குற வரைக்கும் காத்திருந்து வெளியீட்டை எழுதிக்கோங்க, அப்புறம் அதே படிகள்ல இறங்கி வாங்க. ஏறும்போது எழுதின வரிசையும் இறங்கும்போது எழுதின வரிசையும் நம்பருக்கு நம்பர் ஒண்ணா இருக்கணும். பழைய ஃபில்டர்ல ஏறின பக்கம் 0 தவிர ஒவ்வொரு படியிலயும் 15 குறையும், குவியல் வச்ச ஃபில்டர்ல 1000க்கு ரெண்டு பக்கமும் 1000.